மேய்ப்பு நாய் நம் வீட்டுக்கு ஒத்து வருமா? மலையகத்தில் போர்டர் கோலி வாங்குமுன் பார்க்க வேண்டியவை

"குளிர் தேசத்து நாய், நுவரெலியாவுக்கு அருமையாக ஒத்து வரும்" என்று சொல்லித்தான் போர்டர் கோலிக் குட்டிகளை விற்கிறார்கள். குளிரைப் பற்றிச் சொல்வது சரிதான். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவும், அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமும் அடர்ந்த மயிருள்ள நாய்க்குக் கொழும்பை விட ஆயிரம் மடங்கு சுகம். ஆனால் இந்த நாய் ஒரு வீட்டில் நிலைப்பதையும் நிலைக்காததையும் முடிவு செய்வது குளிர் அல்ல. காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலை பிரிக்கக் கூடும் இடத்துக்கு) போகிறவர்கள் போய், பிள்ளைகள் பாடசாலைக்குப் போய், மாலை நாலரை மணிக்கு முதல் ஆள் திரும்பும் வரை அந்த நாயோடு யார் இருக்கிறார்? இதற்கு ஒரு ஆளின் பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால், இப்போதைக்கு வாங்காதீர்கள்.

போர்டர் கோலி, இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் நடுவிலுள்ள எல்லை மலைகளில் ஆடு மேய்க்கவென்றே வளர்த்தெடுக்கப்பட்ட இனம். 1893இல் நோர்தம்பர்லாந்தில் பிறந்த 'ஓல்ட் ஹெம்ப்' என்ற ஆண் நாயைத்தான் இந்த இனத்தின் மூதாதை என்பார்கள். அது அதிகம் குரைக்காது, ஆட்டைக் கடிக்காது. பார்வையாலேயே மந்தையை நகர்த்தும். அன்றிலிருந்து இன்றுவரை குட்டிக்காகத் தெரிந்தெடுக்கப்பட்டவை, நாள் முழுவதும் மலையேறி இறங்கியும் "இன்னும் என்ன வேலை?" என்று ஆளின் முகத்தைப் பார்த்து நிற்கும் நாய்கள். அந்தக் குணம் குட்டியோடு கூடவே வரும். வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிப் போட்டால் அது இல்லாமல் போகாது.

கிட்ட நின்று பார்த்தால் அந்தக் குணம் இப்படி இருக்கும். பீலிக்கரையில் நாலு கோழி மேய்கிறது. நாய் தலையைத் தோளுக்குக் கீழே இறக்கும். வால் தொங்கி அசைவற்று நிற்கும். ஒரு முன்னங்கால் பாதியில் தூக்கியபடியே இருக்கும். கண் இமைக்காது. கோழி ஒரு அடி நகர்ந்தால் நாயும் ஒரு அடி நகரும். நீங்கள் கூப்பிட்டாலும் காது மட்டும் லேசாகத் திரும்பும், உடம்பு திரும்பாது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதே பார்வை அடுத்ததாக ஓடுகிற பிள்ளை மீதும், சைக்கிள் மீதும், வளைவில் திரும்பும் ஓட்டோ மீதும் விழும். ஓட்டோவைத் துரத்துவதை நிறுத்துவது ஏன் கஷ்டம் தெரியுமா? துரத்தும் ஒவ்வொரு முறையும் ஓட்டோ போய்விடுகிறது. தான் விரட்டித்தான் அது போனது என்று நாய் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஓட்டோவும் அதற்கு ஒரு வெற்றி.

எல்லா மேய்ப்பு நாயும் ஒன்றல்ல

போர்டர் கோலி சாதாரணமாக 14 முதல் 20 கிலோ. உடம்பை விட மூளைக்குத்தான் அதிகத் தீனி கேட்கும். காவலுக்கு இதை நம்ப வேண்டாம். வந்தவனைக் கூர்ந்து பார்த்துக்கொண்டு இருக்கும், அவ்வளவுதான். அவுஸ்திரேலியன் ஷெப்பர்ட், பெயர் அப்படி இருந்தாலும், உண்மையில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உருவானது. கொஞ்சம் பெரியது, கொஞ்சம் சத்தக்காரன். அவுஸ்திரேலியன் கேட்டில் டோக் மாட்டைக் குதிகாலில் கவ்வி நகர்த்தும் இனம். அதைச் சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் வளர்க்கும்படி நாம் யாருக்கும் சொல்ல மாட்டோம். நம் ஊர்களில் அல்சேஷன் என்று சொல்லும் ஜேர்மன் ஷெப்பர்டும் மேய்ப்பு நாய்தான். அதற்கும் தினசரி நடையும் பழக்கமும் வேண்டும், ஆனாலும் வேலைக்கார வம்சத்துப் போர்டர் கோலி அளவுக்கு ஓயாத மனம் பெரும்பாலும் இருக்காது. காவலும் துணையும்தான் உங்கள் தேவை என்றால் அல்சேஷனைப் பற்றி யோசிக்கலாம், இடுப்பு மூட்டு நோய் இல்லாத தாய் தகப்பனாகப் பார்த்து. பெல்ஜியன் மலினோய் பொலிசும் இராணுவமும் பழக்கும் நாய். முதல் நாயாக அதை வாங்கவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன் பதினான்கு நாள் ஒத்திகை

"எங்களால் முடியுமா" என்று பேசிப் பேசித் தீர்மானிக்க முடியாது. நாய் வருவதற்கு முன்பே, நாய் இருப்பதுபோல் இரண்டு கிழமை வாழ்ந்து பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை அட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேற்குப் பருவ மழை கொட்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் மழை. உங்கள் ஊரில் மழை பிடிக்கும் காலத்தில் இந்த ஒத்திகையைச் செய்யுங்கள். வெயில் காலத்தில் எல்லோராலும் நடக்க முடியும்.

காலை 5.15க்கு எழும்பி, ஒரு கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு 45 நிமிடம் நடக்க வேண்டும். மாலையிலும் இன்னொரு 45 நிமிடம். நடுவில் இரண்டு தடவை, தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், வீட்டில் யாராவது ஒருவர் எல்லா வேலையையும் விட்டுவிட்டு உட்கார வேண்டும். அது நாயைப் பழக்கும் நேரம். இரவு சாப்பாட்டுக்கு முன் கால் மணித்தியாலம் துவாயோடு செலவாகும்: ஈர மயிரைத் துடைக்க, அட்டையும் உண்ணியும் தேட. கலண்டரில் ஒவ்வொரு நாளும் நாலு கட்டம் போட்டு (பழக்கும் இரண்டு தடவைக்கும் சேர்த்து ஒரே கட்டம்), செய்ததற்கு மட்டும் சரி போடுங்கள். பதினான்கு நாளில் மொத்தம் 56 கட்டம். ஐம்பதுக்குக் குறைந்தால், நல்ல எண்ணம் இருந்தும் உங்கள் நாள் இந்த நாய்க்கு இடம் கொடுக்கவில்லை என்று அர்த்தம். யாருடைய கையால் சரி போடப்பட்டது என்பதையும் பாருங்கள். நாயைக் கேட்டது மகன், 40 கட்டத்துக்குச் சரி போட்டது கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா என்றால், அந்த நாய் அம்மாவின் நாய். அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மாலை நடையை நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போவது பலரும் செய்யும் பிழை. நாய் அடங்கவில்லை என்று ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் என்று பந்து வீசுவார்கள். மூன்று மாதத்தில் நாயின் தேகம் இன்னும் உறுதியாகும். நீங்கள்தான் களைத்துப் போவீர்கள். இந்த இனத்துக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய முக்கியமான பாடம் சும்மா கிடப்பது. பாயைக் காட்டி "படு" என்று சொல்லி, படுத்திருக்கும் ஒவ்வொரு பத்து விநாடிக்கும் ஒரு துண்டு உணவு, பிறகு அரை நிமிடம், பிறகு நீங்கள் குசினிக்குப் போய் வரும் வரை. வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணித்தியாலம் தூங்க வேண்டும், குட்டி 18க்கு மேல். தூங்காத குட்டிதான் மாலையில் காலைக் கடித்துப் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடும். அதை "வேலை போதவில்லை" என்று நினைத்து இன்னும் ஓட வைக்காதீர்கள்.

லயம், ஏழு பேர்ச், தனி வீடு

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் நாய் வளர்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்த எத்தனையோ நாட்டு நாய்கள் நல்ல நாய்கள். போர்டர் கோலிக்கு அங்கே இடம் ஒரு பிரச்சினையே அல்ல. அடுத்த காம்பராவின் சத்தம்தான் பிரச்சினை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழும், குழந்தை அழும், இஸ்தோப்பில் ஆட்கள் போவார்கள் வருவார்கள். சின்னச் சத்தத்துக்கும் காது நிமிரும் இந்த நாய் ஒவ்வொன்றுக்கும் எழும்பும். திருவிழாத் தப்புச் சத்தமும் தீபாவளிப் பட்டாசும் இந்த இனத்தில் பல நாய்களை நடுநடுங்க வைக்கும். வரிசையின் கடைசியில் இருக்கும் தொங்கல் காம்பரா என்றால் ஒரு பக்கச் சத்தம் குறையும், அது ஒரு நல்ல விடயம். குட்டி வருமுன்பே இரண்டு பக்கத்து வீட்டிலும் போய், "அக்கா, நாய் கொண்டு வரப் போறோம், முதல் ரெண்டு மாசம் ராத்திரியில கத்தும், உங்க கோழிய ராவைக்குக் கூட்டுல அடைச்சு வைங்க" என்று முகம் பார்த்துச் சொல்லிவிடுங்கள். தோட்டத்து வீடு என்றால் தோட்ட நிர்வாகத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு வரும் சண்டையில் பாதி இங்கேயே முடிந்துவிடும்.

ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு உள்ளவர்களுக்கு வேலி போட வசதி உண்டு. நாலடி வேலியைப் போர்டர் கோலி தாண்டும். ஐந்தடியாவது போடுங்கள், சாய்வான நிலத்தில் பள்ளப் பக்கம் இன்னும் உயரமாக, ஏனென்றால் மேட்டில் நின்று பாய்கிற நாய்க்கு அந்த வேலி மூன்றடிதான். பெரிய பங்களா வளவு உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: வளவு பெரிது என்பதால் நாய் தானாக உடற்பயிற்சி செய்யாது. வேலியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, போகிற வருகிற ஆட்களைத் துரத்தி ஓடும். ஆறு மாதத்தில் வேலியோரம் புல் தேய்ந்து ஒரு ஒற்றையடிப் பாதை தெரியும். அந்தப் பாதை தெரிந்தால் நாய் நிம்மதியாக இல்லை.

உண்மையில் மலையகத்தில் இந்த நாய்க்கு மிகவும் பொருந்துகிற வீடு, ஆள் எப்போதும் இருக்கிற வீடு. நாலைந்து கறவை மாடு வைத்து வீட்டோடு பால் வேலை செய்பவர்கள், கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் கோவா, கரட், லீக்ஸ் போடும் மரக்கறித் தோட்டக்காரர்கள், ஓய்வு பெற்று நடைப் பழக்கம் உள்ள ஆசிரியர்கள். நாயைக் கூடவே கூட்டிக்கொண்டு போய், பாத்தி ஓரத்தில் படுக்க வைத்து, அவ்வப்போது ஒரு வேலை சொல்லுகிற ஆள் இருந்தால் போதும். ஆனால் மாடு இருக்கிறது என்பதற்காக நாயைத் தனியாக மாட்டிடம் விடாதீர்கள். பழக்காத நாய் சினைப் பசுவை விரட்டினால் நட்டம் உங்களுக்குத்தான். பசு உதைத்தால் நாய்க்குத் தாடை உடையும்.

நம் மலைகளில் மட்டும் உள்ள ஆபத்துகள்

தேயிலை மலைக்குள் நாயைக் கயிறில்லாமல் விடாதீர்கள். இதில் தளர்வே வேண்டாம். காட்டுப் பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணி தேயிலைக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட ஓரங்களில் இருக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று அப்படிச் சிக்கிச் செத்தது. அவ்வளவு பலமுள்ள மிருகத்தைப் பிடிக்கும் கம்பிக்கு 18 கிலோ நாய் எந்த மூலைக்கு? சிறுத்தை பல தோட்டங்களிலேயே நடமாடுகிறது, நாயையும் அது பிடிக்கும். பொழுது சாய்ந்த பிறகும் விடியுமுன்பும் நாய் வீட்டுக்குள் இருக்க வேண்டும். விடிகாலை நடை என்றால் விளக்குள்ள வழியில், கயிறோடு. வெளியில் சங்கிலியில் கட்டிய நாய்க்கு ஓடக்கூட வழியில்லை. செடிக்கு நடுவே மறைந்திருக்கும் கானில் (வடிகாலில்) விழுந்து கால் முறிவதும் உண்டு. மருந்தடித்த மலைப் பக்கம் அன்று போகவே வேண்டாம். தவறிப் போனால் வந்ததும் பாதத்தையும் வயிற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், நக்கும் முன்பே.

நடைக்குப் பத்து மீற்றர் நைலோன் கயிறும், கழுத்துப் பட்டிக்குப் பதில் மார்போடு மாட்டும் பட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஓடும் வேகத்தில் கயிறு இழுபடும்போது கழுத்தில் அடி விழாது.

அட்டையைப் பிய்க்காமல், நகத்தை அதன் வாய்ப் பக்கமாகக் கொடுத்துச் சறுக்கி எடுங்கள். விரல் இடுக்கு, காது மடல், வயிற்றுப் பக்கம் மூன்றையும் பாருங்கள். ஓடையில் தண்ணீர் குடித்த நாய் இரண்டு மூன்று நாள் தும்மி, ஒரு மூக்கில் மட்டும் இரத்தம் வந்தால் உள்ளே அட்டை இருக்கலாம். நீங்களே நோண்டாமல் மிருக வைத்தியரிடம் போங்கள். உண்ணி அதைவிடப் பெரிய எதிரி. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோர்ந்து கிடக்கும், ஈறு வெளிறும், சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரிக் கறுக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டாம். நிறைக்கு ஏற்ற உண்ணி மருந்தை வைத்தியர் சொன்ன நாளில் தவறாமல் கொடுங்கள்.

மேய்ப்பு நாய் வைத்திருப்பவர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று உண்டு. கோலி வம்சத்து நாய்கள் சிலவற்றில், மருந்து மூளைக்குள் போகாமல் தடுக்கும் மரபணு பழுதாகியிருக்கும். நீள்மூக்குக் கோலியில் பத்துக்கு ஏழு, அவுஸ்திரேலியன் ஷெப்பர்டில் ஏறக்குறைய பாதி என்ற அளவில் அது காணப்படுகிறது. போர்டர் கோலியில் அபூர்வம், ஆனாலும் இல்லாமல் இல்லை. அப்படிப்பட்ட நாய்க்குச் சொறிக்கும் உண்ணிக்கும் போடும் ஐவர்மெக்டின் ஊசி கூடிய அளவில் ஏறினால் தள்ளாடும், எச்சில் வடியும், கண் தெரியாமல் போகும், உயிரும் போகலாம். வயிற்றோட்டத்துக்கு நாம் போடும் லோபெரமைட் மாத்திரையும் அதற்கு நஞ்சு. ஆகவே ஊசி போடுமுன் "இது கோலி இனம்" என்று வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். மாட்டுக்கு வைத்திருக்கும் ஐவர்மெக்டினை அளவு குறைத்து நாய்க்குப் போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, வேண்டவே வேண்டாம். அந்த மருந்து போட்ட மாட்டின் சாணியையும் நாய் தின்னாமல் பாருங்கள். பெரிய வருத்தம் என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை இருக்கிறது. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், வாகனத்துக்கு முதலே ஆள் பார்த்து வையுங்கள்.

விசர்நாய்த் தடுப்பூசி வருடம் தவறாமல், தடுப்பூசி அட்டையில் பதிந்து. பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் சேர்ந்த ஊசி ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நாலு கிழமைக்கு ஒன்றாகப் பதினாறு கிழமை வரை.

சாப்பாடு: 18 கிலோ உள்ள சுறுசுறுப்பான நாய்க்கு நாளைக்கு ஏறக்குறைய 1,000 முதல் 1,200 கலோரி. கடையில் வாங்கும் உலர் உணவு என்றால் 270 முதல் 330 கிராம், அதாவது மாதம் 8 முதல் 10 கிலோ. உங்கள் ஊர்க் கடை விலையைக் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். வெறும் சோறும் பருப்புத் தண்ணீரும் இந்த நாயைத் தாங்காது. வெங்காயம் போட்ட கறி கூடாது. தேயிலைத் தூளும் வடித்த சக்கையும் நாய் எட்டும் இடத்தில் கொட்டாதீர்கள். அதிலுள்ள கஃபீன் நாய்க்கு ஆகாது.

குட்டி பார்க்கப் போகும்போது

தாயைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். தாய் அருகில் ஒரு ஆள் நடந்தால் என்ன செய்கிறது, ஒரு பாத்திரம் விழுந்தால் எவ்வளவு நேரத்தில் சமாதானமாகிறது என்று கவனியுங்கள். தாய் பயந்தாங்கொள்ளி என்றால் குட்டியும் பெரும்பாலும் அப்படித்தான். எட்டுக் கிழமைக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. நீலச் சாம்பலில் திட்டுத் திட்டான மேர்ல் நிறம் பார்க்கக் கவர்ச்சிதான், ஆனால் தாய் தகப்பன் இரண்டும் மேர்ல் என்றால் குட்டிகளில் நாலில் ஒன்று குருடாகவோ செவிடாகவோ பிறக்கும் அபாயம் உண்டு. அந்த ஈற்றைத் தொடவே வேண்டாம். ஒரு ஈற்றிலேயே ஓயாமல் முன்னால் பாயும் குட்டி ஒன்று இருக்கும், எல்லோர் கண்ணும் அதன் மேல்தான் போகும். முதல் முறை வளர்ப்பவர், வந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் காலடியில் படுத்துக்கொள்ளும் குட்டியை எடுங்கள்.

முதல் வருடம் படிகளில் ஓட விடாதீர்கள். தோட்டத்து வீடுகளுக்கு முப்பது நாற்பது கல் படி இருக்கும். எலும்பு முற்றும் வரை, அதாவது 12 முதல் 14 மாதம் வரை, தூக்கிச் செல்லுங்கள், முடியாத நிறை வந்ததும் கயிற்றில் மெதுவாக இறக்குங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும்: அப்பா "உட்காரு", மகன் "சிட்", பாட்டி "குந்து" என்றால் நாய்க்கு மூன்றும் சத்தம்தான். லேசர், டோர்ச் வெளிச்சத்தைத் தரையில் ஓட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள். பிடிக்க முடியாத வெளிச்சத்தைத் துரத்திப் பழகிய போர்டர் கோலி பிறகு நிழலைத் துரத்தும், சுவரில் விழும் வெயிலையே பார்த்து நிற்கும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது மிகக் கடினம்.

ஓட்டோத் துரத்தலை முதல் தடவையே தடுக்க வேண்டும். ரோட்டிலிருந்து ஐம்பது மீற்றர் தள்ளி, நாய் வண்டியைப் பார்க்கும் ஆனால் பதுங்காத தூரத்தில் உட்காருங்கள். வண்டி தெரிந்ததும் உங்கள் முகம் பார்த்தால் ஒரு துண்டு நெத்தலி. தலை தாழ்ந்து பதுங்கத் தொடங்கினால் கிட்ட வந்துவிட்டீர்கள். இருபது மீற்றர் பின்னால் போங்கள். நாளைக்குப் பத்து வண்டி, பத்து நிமிடம். கிழமைக்கு ஐந்து மீற்றர் மட்டும் நெருங்குங்கள்.

ஏற்கெனவே வாங்கி, வீட்டுக்கு ஒத்து வரவில்லை என்றால் பஸாரில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். ரோட்டு நாய்களோடு அது பிழைக்கத் தெரியாத நாய். நாள் முழுவதும் ஆள் இருக்கிற, மாடோ மரக்கறித் தோட்டமோ உள்ள வீடாகத் தேடி, ஒரு கிழமை நீங்களும் போய் வந்து பழக்கிக் கொடுங்கள். தடுப்பூசி அட்டையோடு ஒரு தாளில் இவற்றையும் எழுதி வையுங்கள்: எந்த மருந்து ஆகாது, எதைக் கண்டால் பயம், சாப்பாட்டு நேரம், அதற்குத் தெரிந்த சொற்கள். "வா", "இரு", "படு", "விடு", "போதும்" என்று நீங்கள் சொன்ன அதே சொல்லில்.